நுரையீரலுக்கு ஜீரணிக்கத் தெரியாது



சாப்பிடும்போது உங்களுக்கு எப்போதாவது புரையேறியிருக்கும். ஒரு பருக்கையோ ஒரு துளி ரசமோ வழி தவறி மூச்சுக்குழல் பக்கம் போய்விடுகிறது. உடனே உடம்பே குலுங்கும்படி இருமல் வருகிறது. கண்ணில் நீர் நிறைகிறது. பக்கத்தில் இருக்கும் பாட்டி தலையில் தட்டி, "யாரோ நினைக்கிறாங்க" என்கிறார். யார் நினைத்தார்களோ, இல்லையோ, உங்கள் மூச்சுக்குழல் ஒன்றை உறுதியாகச் சொல்லிவிட்டது: "இது இங்கே வரக்கூடாத பொருள். வெளியே தள்ளு!"

அதே ரசம் சற்றே பின்னால் இருக்கும் உணவுக்குழலில் இறங்கியிருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. இரைப்பையில் அமிலம் இருக்கிறது. குடலில் நொதிகள் இருக்கின்றன. உறிஞ்சப்பட்டதைப் பரிசோதித்து அனுப்பக் கல்லீரல் இருக்கிறது. நுரையீரலிலோ இவற்றில் எதுவும் இல்லை. பொருள் ஒன்றுதான், வழி மாறினால் விளைவும் மாறிவிடுகிறது. இந்த ஓர் உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டால், 'வேப்' என்று சொல்லப்படும் மின்சிகரெட்டைப் பற்றி உங்கள் காதுக்கு வரும் பேச்சுகளில் பாதியை நீங்களே எடைபோட்டுவிடலாம்.

நீராவியா அது?

"இது புகையே இல்லை, வெறும் நீராவிதான்" என்பது அந்தப் பேச்சுகளில் முதலாவது. இதைச் சோதித்துப் பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம். உங்கள் வீட்டுச் சமையலறை போதும்.

குக்கர் விசில் அடிக்கும்போது தள்ளி நின்று கவனியுங்கள். ஆவி வெளிவரும் துளைக்கு மிக அருகில் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. சற்று மேலேதான் வெண்மையாகத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பகுதிதான் உண்மையான நீராவி. மேலே வெள்ளையாகத் தெரிவது, குளிர்ந்து மீண்டும் நீர்த்துளியாகிவிட்ட நுண்துளிக் கூட்டம். இட்லிப் பானையைத் திறக்கும்போது நாம் பார்ப்பதும் அதுவே.

மின்சிகரெட்டிலிருந்து வருவதும் வெள்ளையாகத் தெரிகிறது. ஆகவே அதுவும் காற்றில் மிதக்கும் நுண்துளிக் கூட்டம்தான். ஆனால் அந்தத் துளிகள் வெறும் நீர்த்துளிகள் அல்ல. கருவிக்குள் ஒரு மின்கலம், ஒரு சூடேற்றும் கம்பிச்சுருள், ஒரு திரவம் ஆகியவை இருக்கின்றன. திரவத்தில் பெரும்பகுதி கிளிசரினும் புரோப்பிலீன் கிளைக்காலும். அவற்றோடு பெரும்பாலும் நிகோடினும், மாம்பழம், புதினா போன்ற வாசனைப் பொருள்களும் கலந்திருக்கும். கம்பி சூடானதும் திரவம் ஆவியாகி, உடனே குளிர்ந்து, மிக நுண்ணிய துளிகளாக வாய்க்குள் போகிறது. சூடு அதிகமானால் கிளிசரின் சிதைந்து அக்ரோலீன் என்ற காரமான நச்சுப் பொருளும் உண்டாகும். எண்ணெய்ச் சட்டி கருகும்போது மூக்கையும் கண்ணையும் எரிக்கிறதே, அந்த எரிச்சலுக்கு ஒரு முக்கியக் காரணம் இந்த அக்ரோலீன்தான்.

"கிளிசரின் இருமல் மருந்திலேயே இருக்கிறதே?" என்று கேட்பார்கள். உண்மைதான். ஆனால் இருமல் மருந்தை நாம் விழுங்குகிறோம்; மூச்சில் இழுப்பதில்லை.

ஒரு கணக்குப் போடுவோம்

நீங்கள் ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 15 தடவை மூச்சு விடுகிறீர்கள். 15-ஐ 60-ஆல் பெருக்கி, மறுபடி 24-ஆல் பெருக்குங்கள். நாளொன்றுக்கு 21,600 மூச்சு! அந்தக் காற்றை வாங்கிக்கொள்ள நுரையீரலில் கோடிக்கணக்கான காற்றுச் சிற்றறைகள் இருக்கின்றன. ஒரு மனிதரிடம் 30 கோடிக்கும் மேல் என்பது மதிப்பீடு. அவற்றைப் பிரித்து விரித்துப் பரப்பினால் ஏறத்தாழ 70 சதுர மீட்டர் வரும். ஒரு பெரிய வகுப்பறையின் தரையைவிட அதிகம்.

இந்தச் சிற்றறைகளின் சுவர் எவ்வளவு மெல்லியது? காற்றுக்கும் ரத்தத்துக்கும் இடையே உள்ள திரை, மெல்லிய இடங்களில் ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கைவிடவும் குறைவு. அவ்வளவு மெல்லியதாக இருப்பதால்தான் பிராணவாயு உள்ளேயும் கரியமில வாயு வெளியேயும் நொடிப்பொழுதில் கடந்து போகின்றன. அந்தச் சுவரின் உட்புறத்தில் வழவழப்பான ஒரு படலம் இருக்கிறது. சிற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காப்பது அதுதான். இந்தப் படலத்தின்மேல் அந்நியமான எண்ணெய் போய்ப் படிந்தால் என்ன ஆகும்? 2019-ஆம் ஆண்டில் அமெரிக்காவுக்குப் பெரிய விலை கொடுத்து விடை கிடைத்தது.

விஸ்கான்சினில் தொடங்கிய துப்பறிதல்

2019 ஜூலை மாதம் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துக் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றுக்குச் சில வாலிபப் பருவத்தினர் வந்து சேர்ந்தனர். இருமல், மூச்சுத் திணறல், காய்ச்சல், வாந்தி, எடைக்குறைவு ஆகியவை அவர்களிடம் இருந்தன. படமெடுத்துப் பார்த்தால் கறுப்பாகத் தெரிய வேண்டிய நுரையீரல் மங்கலாகத் தெரிந்தது. நிமோனியா என்று நினைக்கலாம். ஆனால் கிருமி எதுவும் அகப்படவில்லை. நோயாளிகளிடம் பேசிப் பார்த்தபோது ஒரு பொதுவான செய்தி வெளிவந்தது. எல்லோரும் மின்சிகரெட் பிடித்தவர்கள். ஜூலை 25-ஆம் தேதி அந்த மருத்துவமனை, இப்படி 8 பேர் வந்திருக்கிறார்கள் என்று வெளிப்படையாக அறிவித்தது.

அதன் பிறகு மாநிலத்துக்கு மாநிலம் இதே கதை. 2020 பிப்ரவரி 18 வரை மருத்துவமனையில் சேர்ந்தோர், இறந்தோர் என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் பட்டியலில் ஏறியவர்கள் 2,807 பேர். அவர்களில் 68 பேர் இறந்தது உறுதி செய்யப்பட்டது. பாதிக்கப்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் 25 வயதுக்கு உட்பட்டவர்கள். நூற்றுக்கு 15 பேர் 18 வயதுகூட நிரம்பாதவர்கள்.

காரணத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? இங்கேதான் விஞ்ஞான முறையின் அழகு இருக்கிறது. நோயாளிகள் 51 பேரின் நுரையீரலுக்குள் சிறிது உப்புநீர் செலுத்தி, அதைத் திரும்ப எடுத்துச் சோதித்தார்கள். அதோடு நிறுத்தவில்லை. நோயில்லாத 99 பேரின் நுரையீரல் நீரையும் சோதித்தார்கள். நோயாளிகளில் 48 பேரிடம் 'வைட்டமின் ஈ அசிடேட்' என்ற எண்ணெய்ப் பொருள் இருந்தது. நோயில்லாதவர்களில் ஒருவரிடமும் அது இல்லை. இரண்டாவது கூட்டத்தைச் சோதித்திராவிட்டால் முதல் விடைக்கு அவ்வளவு மதிப்பு இருந்திருக்காது என்பதைக் கவனியுங்கள். பின்னர் எலிகளை இந்த எண்ணெயின் நுண்துளிகளைச் சுவாசிக்கச் செய்தபோது அவற்றின் நுரையீரலும் அதே போலக் கெட்டது.

வைட்டமின் ஈ அசிடேட் விஷமா? இல்லை. மாத்திரையாக விழுங்குகிறார்கள், களிம்பில் கலந்து தோலில் பூசுகிறார்கள். கஞ்சா எண்ணெயை நீர்த்துப்போகச் செய்து அதிகம் விற்கலாம் என்று சில வியாபாரிகள் இதைக் கலந்தார்கள். பாலில் தண்ணீர் கலப்பது போலத்தான். கலந்தது கண்ணுக்குத் தெரியாது. திரவத்தின் கெட்டித்தன்மையும் மாறாது. தெரியவந்தது நுரையீரலுக்கு மட்டும்.

பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் கஞ்சாச் சத்து கலந்த திரவத்தைப் பயன்படுத்தியவர்கள். ஆனால் சுமார் 14 சதவீதம் பேர் நிகோடின் திரவம் மட்டுமே பயன்படுத்தியதாகச் சொன்னார்கள். ஆகவே குற்றவாளி இந்த ஓர் எண்ணெய் மட்டுமே என்று வழக்கை மூடிவிட முடியாது.

நம் ஊரில் இது புதிதல்ல

"அமெரிக்காவில் நடந்ததற்கு நாம் ஏன் கவலைப்பட வேண்டும்?" என்று கேட்கலாம். நுரையீரலில் எண்ணெய் புகுந்தால் என்ன ஆகும் என்பதை நம் பகுதி மருத்துவர்கள் அதற்கு வெகு காலம் முன்பே கண்டிருக்கிறார்கள். குழந்தையைக் குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடும் வழக்கம் பல வீடுகளில் இருந்தது. சில வீடுகளில் இன்றும் இருக்கிறது. அன்பினால் செய்வதுதான். ஆனால் எண்ணெய் நீரைப் போலச் சட்டென்று இருமலைத் தூண்டுவதில்லை. சத்தமில்லாமல் மூச்சுக்குழலில் இறங்கிவிடுகிறது. அதனால் உண்டாகும் நோய்க்கு எண்ணெய் நிமோனியா என்று பெயர். தென்னிந்தியக் குழந்தைகளிடம் கண்ட இந்த நோயைப் பற்றிய ஒரு கட்டுரை 1973-ஆம் ஆண்டிலேயே பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியாகியிருக்கிறது. நல்லெண்ணெய் தோசைக்கு நல்லது, நுரையீரலுக்கு அல்ல.

வாசனைப் பொருள்களின் கதையும் இதே ரகம். டைஅசிடைல் என்ற பொருள் வெண்ணெய் மணத்தைக் கொடுக்கும். தின்பண்டத்தில் கலந்து தின்றால் தொல்லை இல்லை. ஆனால் 2000-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் சோளப்பொரி ஆலை ஒன்றில் வேலை செய்தவர்களின் சிறு மூச்சுக்குழல்கள் தழும்பேறிச் சுருங்கியிருந்தது தெரிய வந்தது. தின்றவர்களுக்கு வராத நோய், அதன் ஆவியைச் சுவாசித்தவர்களுக்கு வந்தது. 2015-இல் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மணமூட்டிய மின்சிகரெட்டுகளில் 51 வகைகளைச் சோதித்தபோது 39 வகைகளில் டைஅசிடைல் இருந்தது. மின்சிகரெட்டால் அந்த நோய் வருகிறது என்பதற்கு இதுவே நிரூபணம் ஆகிவிடாது. ஆனால் மாம்பழ வாசனையை நம்பி மூச்சை இழுக்கலாகாது என்பதற்கு இது போதும்.

பூச்சியைக் கொல்லும் சரக்கு

நிகோடினைப் பற்றி ஒரு வார்த்தை. புகையிலைச் செடி தன்னைத் தின்ன வரும் பூச்சிகளிடமிருந்து தப்பிக்கத் தயாரித்துக்கொள்ளும் நஞ்சுதான் அது. புகையிலைக் கரைசலைப் பயிரில் தெளித்துப் பூச்சியை விரட்டியது பழைய விவசாயிகளுக்குத் தெரிந்த கைமுறை. இன்று கடையில் விற்கும் இமிடாகுளோபிரிட் போன்ற பூச்சிக்கொல்லிகளின் வகைக்கே நிகோடினின் பெயரைத்தான் ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

மூச்சில் இழுத்த நிகோடின் சில நொடிகளில் மூளைக்குப் போய்விடும். மனித மூளை சுமார் 25 வயது வரை வளர்ந்து பக்குவப்படுகிறது. அந்த வளர்ச்சிக் காலத்தில் நிகோடின் பழகினால் அடிமைத்தனம் எளிதில் வேரூன்றும். கவனமும் நினைவாற்றலும் பாதிக்கப்படும். வியாபாரிகளுக்கு இது தெரியாதா? 2018 டிசம்பரில் மார்ல்பரோ சிகரெட் தயாரிக்கும் ஆல்ட்ரியா நிறுவனம், ஜூல் என்ற மின்சிகரெட் நிறுவனத்தில் 35 சதவீதப் பங்கை 1,280 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. 2019-இல் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் 27.5 சதவீதம் பேர் மின்சிகரெட் பிடித்தார்கள். நூறு பேர் உள்ள பள்ளியில் 27 பேர்! அந்த விகிதம் 2024-இல் 7.8 சதவீதமாக இறங்கியது என்பது நல்ல செய்தி. மாணவர்கள் மனம் வைத்தால் விட முடியும் என்பதற்கு அது சான்று.

இண்டூருக்கும் இதற்கும் என்ன?

தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகும் வழியில் இருக்கும் இண்டூர் ஒரு சிறிய ஊர். அங்கே படிக்கும் மாணவர் ஒருவர் இதைப் படித்தால், "எங்கள் ஊர்க் கடையில் பீடியும் சிகரெட்டும்தான் தொங்குகின்றன. இந்தக் கருவியை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை" என்று சொல்லலாம். நியாயம்தான். ஆனால் அவர் எப்போதும் இண்டூரிலேயே இருக்கப் போவதில்லை. தருமபுரி மாவட்டத்து இளைஞர்கள் படிப்புக்கும் பிழைப்புக்கும் ஓசூருக்கும் பெங்களூருக்கும் போகிறார்கள். புது ஊர், புது அறை, புது நண்பர்கள். "ஒரு இழுப்பு இழுத்துப் பாரேன், சும்மா ஆவிதான்" என்ற பேச்சு அங்கேதான் வரும். வரும்போது விடை கையில் இருக்க வேண்டுமானால், இங்கேயே இப்போதே யோசித்து வைத்திருக்க வேண்டும்.

இந்த மாவட்டத்து மக்களுக்கு இன்னொரு அனுபவமும் உண்டு. பல ஊர்களின் கிணற்று நீரும் ஆழ்குழாய் நீரும் பார்க்கத் தெளிவாக இருந்தன. ஆனால் அவற்றில் ஃபுளோரைடு, லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டி இருந்தது. அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பல்லில் கறை ஏறியது. பெரியவர்களின் எலும்பும் மூட்டும் இறுகின. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டதே இந்தத் துன்பத்தைக் குறைக்கத்தான். தெளிவாக இருப்பதெல்லாம் தூயது அல்ல என்பதை எங்கோ அமெரிக்காவில் போய்த் தருமபுரிக்காரர் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. அந்தத் தண்ணீரைக் குடிக்காமல் இருக்க அவர்களுக்கு வழியில்லை. இந்தக் காற்றை இழுக்காமல் இருக்க உங்களுக்கு வழி இருக்கிறது.

இரண்டு நியாயமான கேள்விகள்

"இங்கிலாந்தில் சிகரெட்டை விட மருத்துவர்களே மின்சிகரெட்டைச் சிபாரிசு செய்கிறார்களாமே?" ஆம். பல ஆண்டுகளாகச் சிகரெட் பிடித்து விட முடியாமல் தவிப்பவருக்கு, புகையைவிட இது குறைந்த தீங்கு என்பது அவர்கள் கருத்து. ஆனால் கிணற்றில் விழுந்தவருக்கு இறக்கும் ஏணி, கரையில் நிற்பவர் உள்ளே இறங்குவதற்காக அல்ல. அதே இங்கிலாந்து, பிள்ளைகள் கைக்குப் போகிறது என்பதால், பயன்படுத்தித் தூக்கி எறியும் வகை மின்சிகரெட்டை 2025 ஜூன் 1 முதல் தடை செய்துவிட்டது.

"பீடியையும் சிகரெட்டையும் விற்கவிட்டு இதை மட்டும் தடை செய்வது என்ன நியாயம்?" இது கூர்மையான கேள்வி. தமிழ்நாடு 2018-இலேயே மின்சிகரெட்டைத் தடை செய்தது. 2019 செப்டம்பரில் மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. டிசம்பரில் அது முழுச் சட்டமாயிற்று. தயாரிப்பதும் இறக்குமதி செய்வதும் விற்பதும் விளம்பரம் செய்வதும் குற்றம். முதல் முறைக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் இந்தியாவில் உண்மையான பெருங்கொலைகாரன் பழைய புகையிலைதான். ஆண்டுதோறும் 13 லட்சம் பேர் அளவில் அதனால் சாகிறார்கள். வீட்டுக்குள் ஒரு பாம்பு இருக்கிறது என்பதற்காக இன்னொன்றையும் உள்ளே விட வேண்டியதில்லை. ஆகவே தடை சரிதான் என்பது என் கருத்து. ஆனால் முதல் பாம்பை நாம் மறந்துவிட்டோம் என்று நீங்கள் பெரியவர்களைக் கேட்டால், அதற்கு அவர்கள் தலைகுனிய வேண்டியதுதான்.

தடை மட்டும் போதாது

தடைக்கு ஒரு பின்விளைவும் உண்டு. மறைவாக வரும் சரக்கை யாரும் சோதிப்பதில்லை. அதற்குள் என்ன இருக்கிறது என்று விற்பவனுக்கே தெரியாது. அமெரிக்காவில் நோய்வாய்ப்பட்டவர்களில் பலர் கஞ்சாத் திரவத்தைக் கடையில் வாங்கவில்லை. நண்பர்களிடமும் தெருவில் விற்பவர்களிடமும் வாங்கியவர்கள். "நண்பன் கொடுத்தது" என்பது தரச் சான்றிதழ் அல்ல.

ஆகவே சட்டம் தன் வேலையைச் செய்யட்டும். பள்ளிகளும் தங்கள் வேலையைச் செய்ய வேண்டும். இதைக் காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் மிரட்டலாகச் சொல்வதைவிட, விஞ்ஞான வகுப்பில் சுவாச மண்டலப் பாடத்தோடு சேர்த்துச் சொல்வதுதான் பயன் தரும். ஒரு மாணவரிடம் இந்தக் கருவி அகப்பட்டால் மாற்றுச் சான்றிதழைக் கொடுத்து அனுப்பிவிடுவது பரிகாரம் ஆகாது. அப்படிச் செய்தால் மற்றவர்கள் விட்டுவிட மாட்டார்கள், மறைக்கத்தான் பழகுவார்கள்.

மறைப்பதுதான் இந்த விஷயத்தில் உயிருக்கு ஆபத்து. விஸ்கான்சின் மருத்துவர்களுக்கு வழி காட்டியது எந்தப் பெரிய இயந்திரமும் அல்ல. நோயாளிகள் வாய் திறந்து சொன்ன உண்மைதான். காய்ச்சல், இருமல், வாந்தி என்று போனால் எந்த மருத்துவரும் முதலில் கிருமித் தொற்று என்றே நினைப்பார். அதற்கான மருந்து இந்த நோய்க்குப் பலன் தராது. நாள்கள் வீணாகப் போகும். எனவே நீங்களோ உங்கள் நண்பரோ எப்போதாவது இதைத் தொட்டிருந்து, மூச்சுத் திணறலும் நெஞ்சு வலியும் வந்தால், இண்டூர்க்காரரானால் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். வேறு ஊரானால் அருகில் உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். மருத்துவரிடம் முதல் வார்த்தையாக அதைச் சொல்லிவிடுங்கள். அவர் உங்கள் தலைமையாசிரியர் அல்ல, நீதிபதியும் அல்ல. பழக்கத்தை விட விரும்புகிறவர்களுக்கு 1800-11-2356 என்ற தேசியப் புகையிலை விடுப்பு உதவி எண் இருக்கிறது. அழைக்கக் கட்டணம் இல்லை.

பெற்றோருக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள். "அடிப்பேன்" என்று சொல்லும் அப்பாவிடம் எந்தப் பிள்ளையும் உண்மையைச் சொல்லாது. "என்ன ஆனாலும் முதலில் என்னிடம் சொல்" என்ற ஒரு வாக்கு ஒரு உயிரைக் காப்பாற்றலாம்.

இந்த மாதம் ஒரு சின்ன வேலை செய்து பாருங்கள். உங்கள் வகுப்பு நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து, சமையலறையில் உள்ள பொருள்களைப் பட்டியல் போடுங்கள்: எண்ணெய், மிளகாய்த் தூள், மாவு, சோப்புத் தூள், கொசுவத்தி. ஒவ்வொன்றுக்கும் எதிரே, வயிற்றில் போனால் என்ன, தோலில் பட்டால் என்ன, மூச்சில் போனால் என்ன என்று மூன்று கட்டங்கள் போட்டு, ஆசிரியரைக் கேட்டு நிரப்புங்கள். எந்தப் பொருளையும் சோதித்துப் பார்க்க வேண்டாம். கேட்டும் படித்தும் எழுதினால் போதும். மூன்றாவது கட்டத்தில் 'நல்லது' என்று எழுதக்கூடிய பொருள் ஒன்றாவது அகப்படுகிறதா என்று பாருங்கள்.